பென்சிலில் எழுதிய எண்

தானே புயல் எங்கள் மாடியறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, 2012 பொங்கல் வரைக்கும் கடலூர் செம்மண்டலத்தில் எல்லா மொட்டைமாடிகளிலும் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டேயிருந்தது. பக்கத்து வீட்டில் மெத்தை, எதிர்வீட்டில் கல்யாணப் பட்டுப்புடவைகள், எங்கள் வீட்டில் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த ஒன்பது நீள நோட்டுகளும் நனைந்து, புடைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மைப் பேனாவில்தான் எழுதியிருந்தேன். அது என் ஆராய்ச்சி வழிகாட்டியான எங்கள் சாரின் கட்டளை. சோதனைச்சாலையில் எடுக்கும் அளவுகளை அழிக்க முடியாதபடி எழுத வேண்டும் என்பார். “பென்சில் கையில இருந்தா மனசு அலையும்” என்று அடிக்கடி சொல்வார். அப்படி மனசு அலையாமல் எழுதிய மூன்று வருட உழைப்பு, பக்கத்துக்குப் பக்கம் நீலச் சாயமாகக் கரைந்து கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஐந்தாவது நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்தபோதுதான் கை நின்றது. மேலே ஆறு எலிகளின் அளவுகள் இருந்த இடம் வெறும் நீலக் கறை. கீழே, கோட்டுக்கு வெளியே, பென்சிலில் சின்னதாக எழுதிய ஒரே ஒரு வரி மட்டும் நேற்று எழுதியது போல இருந்தது. ‘அ.’ என்று ஓர் எழுத்து, ஒரு சிறு கோடு, ஓர் எண். அம்மா பின்னால் வந்து, “என்னடி அதையே பாத்துக்கிட்டு நிக்கிற, திருப்பிப் போடு, வெயில் போவுது” என்றாள். திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திருப்பினேன்.

‘அ.’ என்பது அண்ணன். சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி செய்த விலங்கியல் துறையின் பின்புறம், வேப்பமரங்களுக்கு அடியில் எலிகளை வளர்க்கும் நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. எலி ரூம் என்போம். அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் சேர்ந்த 2005இல் அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு வருடமாகத் தினக்கூலி. அடுத்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று பதினோரு வருடமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைவிட மூத்தவரான எங்கள் சார் உட்பட துறையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். என்னைத் தனியாக இருக்கும்போது பாப்பா என்றும், சார் இருந்தால் மேடம் என்றும் கூப்பிடுவார். சார் போனதும், “மேடம் டீ குடிக்கிறீங்களா மேடம்?” என்று இழுத்துக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கு அந்தப் பக்கம், வீராணம் ஏரிக் கரையோரம். டவுன் பஸ்ஸில் வருவார். மாதத்துக்கு இரண்டு முறை, கூண்டுகளில் பரப்புவதற்கு ரைஸ் மில்லிலிருந்து ஒரு மூட்டை உமியையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வருவார். அதற்காகக் கண்டக்டரோடு சண்டை போட்ட கதையும் கூடவே வரும். எலிகளை அவர் எலி என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. புள்ளைங்க என்பார். “புள்ளைங்க நேத்து சரியா சாப்புடல, தீவனம் ஏதோ வாடை அடிக்குது” என்று காலையிலேயே புகார் சொல்வார். ரத்தம் எடுக்கும் நாட்களில் எலியை அவர்தான் பிடித்துத் தருவார். கண்ணோரத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயை வைத்து எடுக்க வேண்டும்; பார்ப்பதற்குக் கொடுமையாக இருக்கும், பழகியவர்களுக்கு அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடமும் அண்ணன் எலியின் காதருகே, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சி” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் மாதம் எனக்குக் கை நடுங்கும்போது, அவர் அதைச் சொல்வது எலிக்கா எனக்கா என்று தெரியாது.

என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். அதைக் கேட்டு யாரும் கொட்டாவி விடாமல் இருந்ததில்லை. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து உடம்பில் சேர்ந்தால் ரத்தத்தில் ஓர் என்சைம் குறையும். நரம்பு தசையைச் சுருங்கச் சொன்னால், அந்தச் சேதியைச் சரியான நேரத்தில் முடித்துவைப்பது அந்த என்சைம்தான். அது குறைந்தால் சேதி முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், கடைசியில் மூச்சு நிற்கும். நோய் வெளியே தெரிவதற்கு வெகு முன்பே ரத்தத்தில் அந்தக் குறைவு தெரிந்துவிடும். ஒரு சொட்டு ரத்தத்தை மருந்துகள் கலந்த குழாயில் விட்டால், என்சைம் நன்றாக இருந்தால் குழாய் சில நிமிடங்களில் நல்ல மஞ்சளாக மாறும். குறைவாக இருந்தால் வெளுப்பாகவே நிற்கும். அந்த மஞ்சள் எவ்வளவு என்பதை ஒரு மெஷின் எண்ணாகச் சொல்லும். இவ்வளவுதான். இதற்குத்தான் மூன்று வருடம், ஒன்பது நோட்டு.

நான்கு கூண்டுகள், கூண்டுக்கு ஆறு எலிகள். முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். மற்ற மூன்றுக்கும் கொஞ்சம், அதைவிட அதிகம், எல்லாவற்றையும்விட அதிகம் என்று தினமும் வாய்வழியாக மருந்து. எந்த மருந்து என்று பேசியபோது, இந்தச் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அடிப்பதையே கொடுத்துப் பார்ப்போம் என்றார் சார். அண்ணன்தான் புவனகிரியில் ஒரு கடையில் போய், தன் வயலுக்கு வாங்கியதோடு சேர்த்து எங்களுக்கும் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். தண்ணீர் மட்டும் குடித்த முதல் கூண்டுதான் எங்களுக்கு அளவுகோல். அதன் ரத்தம் எப்படி இருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றுக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியும். நாங்கள் கண்ட்ரோல் என்றோம். அண்ணன் அதைச் ‘சும்மா இருக்கற புள்ளைங்க’ என்றார்.

எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய அதற்கென்று ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. ஏதாவது ஓர் எலி அளவுக்கு மீறி நடுங்கினாலோ, எடை குறைந்தாலோ, அதற்கு அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட வேண்டும். இதைக் கவனிக்கும் வேலையை அண்ணன் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கித் துறைக்குள் நுழையும்போதே எதிரில் ஓடி வந்தார். “மூணாம் கூண்டுல ஒரு புள்ளைக்குப் பின்னங்காலு நடுங்குது. எழுந்திரிக்க மாட்டங்குது. நீ வந்து பாரு” என்றார். போய்ப் பார்த்தேன்; உண்மைதான். மருந்தை நிறுத்தினேன். பத்து நாளில் அது கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறும் அளவுக்குத் தேறியது. “பாத்தியா, பொழைச்சிக்கிச்சி” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் தன் அரைக் காணியிலும், கூப்பிடுகிறவர்கள் வயலிலும் மருந்து அடிப்பார். விடியலில் எழுந்து ஆறு டேங்க், ஏழு டேங்க் அடித்து முடித்துவிட்டுக் குளித்து, பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு எலி ரூமைத் திறந்துவிடுவார். முதுகில் சுமக்கும் டேங்க் எப்போதும் கசியும், சட்டை நனைந்துவிடும், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், காலுக்கு ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார், ஒரு குறையாக அல்ல, சாதாரணமாக. சில நாட்களில் பக்கத்தில் வந்தால் அந்த வாடை வரும். எங்கள் பாட்டிலைத் திறந்தாலும் அதே வாடைதான். மூன்று வருடமும் நான் தினமும் மூக்கில் உணர்ந்த ஒற்றுமை அது. அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எலிக்கு மருந்து கொடுக்கக் கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவர் வெறுங்கையால் எலியைப் பிடித்துத் தருவார். இப்போது எழுதும்போது என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

2007 பங்குனியில் என் கண்ட்ரோல் கெட்டுப்போனது. அதுவரை நல்ல மஞ்சளாக வந்துகொண்டிருந்த சும்மா இருக்கிற பிள்ளைகளின் குழாய்கள் வாரத்துக்கு வாரம் வெளுத்தன. வெறும் தண்ணீர் குடிக்கிற எலிக்கு என்சைம் குறைய வழியே இல்லை. அளவுகோலே சுருங்கினால் எதை வைத்து எதை அளப்பது? எனக்குத் தூக்கம் போய்விட்டது. கூடச் சேர்ந்தவர்கள் எழுதி முடிக்கத் தொடங்கியிருந்தார்கள், உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது, வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கி, படிப்பு எப்போது முடியும் என்று மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குழாயில் ஊற்றும் மருந்து பழசாகியிருக்கும், கெடாத ரத்தம் ஒன்றை வைத்துச் சோதித்துப் பார் என்றார். அதற்காக ஒரு புது எலியைக் குத்த மனம் வரவில்லை. என் விரலையே குத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று மதியம் அண்ணன் டீ டம்ளரோடு சோதனைச்சாலைக்குள் வந்தார். நான் விரலைக் குத்திப் பிழிந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும், “இன்னாம்மா இது, எலி தீந்துபோச்சா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு ரத்தத்தைவிட இரண்டு இருந்தால் நல்லது என்று எதற்கோ சொல்லிவைத்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். “அதுங்ககிட்ட எவ்ளோ புடிச்சிக் குடுத்திருக்கேன். என்னுது ஒரு சொட்டு எடுத்துக்க” என்றார். எடுத்தேன். ஊசி குத்தியபோது தனக்குத் தானே, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டு என்னைச் சிரிக்க வைத்தார். இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். என்னுடையது சில நிமிடங்களில் கொன்றைப்பூ மஞ்சளுக்கு வந்துவிட்டது. அப்படியானால் குழாயில் ஊற்றும் மருந்தில் கோளாறு இல்லை. அவருடையது வெளுப்பாகவே நின்றது. இருவரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “என்னுது ஏம்மா கலர் வரல?” என்றார். கை தவறியிருக்கும், நாளைக்குத் திரும்பப் பார்க்கலாம் என்றேன்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். “பாப்பா, சும்மா இருக்கற புள்ளைங்களுக்குக் கொஞ்சம் பயித்தங்கா குடுத்தேன். அதனால ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அறுவடை முடிந்த வயலில் தை மாதம் பயறு தெளிப்பார்கள்; பங்குனியில் அது காய்த்துத் தொங்கும். தினமும் வரும்போது மடியில் ஒரு கைப்பிடி பச்சைக் காய்களைப் பறித்துவந்து முதல் கூண்டில் போட்டிருக்கிறார். அந்த வயலுக்கு மருந்து அடித்தாரா என்று கேட்டேன். “அடிக்காம எப்படிம்மா? புழு தின்னுட்டுப் போயிடும்ல? நான்தான் அடிச்சேன்” என்றார். நான் எழுந்து நின்று கத்தினேன். தீவனத்தைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கத்தினேன். என் வருடம் போச்சு, என் வாழ்க்கை போச்சு என்றெல்லாம் கத்தினேன். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

“மருந்து குடிக்கற புள்ளைங்களுக்குத்தான் வேற எதும் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இதுங்க சும்மாதான இருக்குது, ஒரு வேலையும் இல்ல, பாவம் அந்த ஒரே தீவனத்தையே தின்னுதுங்களேன்னு குடுத்தேன்” என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவுமில்லை. மருந்து குடிக்கும் எலிகள்தான் முக்கியம் என்றும், சும்மா இருப்பவை சும்மா இருப்பவைதான் என்றும் நினைப்பதுதான் இயல்பு. இந்த வேலையில் சும்மா இருப்பதுதான் பெரிய வேலை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு கையைக் கூப்பினார். “சாருக்குத் தெரிஞ்சா வேலய விட்டுத் தூக்கிடுவாங்க மேடம்” என்றார். அறையில் சார் இல்லாதபோது அவர் என்னைக் கேலியாக இல்லாமல் மேடம் என்றது அன்று ஒருநாள்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், இன்னொரு மாதம் புதிதாக வைத்துப் பார்த்துவிடலாம், நீங்கள் போங்கள் என்றேன். அவர் போகவில்லை. பேச்சை எப்படியாவது மாற்ற வேண்டும் போல, மேசையில் நின்ற குழாயைக் காட்டி, “அப்ப என் ரத்தம் வெளுத்திருக்கே, அது நல்லதா கெட்டதாம்மா?” என்று கேட்டார். அவரைப் பார்த்துக் கத்தியதற்கு நல்லதாக ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று மட்டுமே எனக்கு அப்போது தோன்றியது. “நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஒண்ணுமில்ல” என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. டம்ளரைக் கழுவப் போனார்.

மறுநாள், குழாயில் விட்டதுபோக ஃபிரிட்ஜில் மீதி வைத்திருந்த அவர் ரத்தத்தைத் திரும்பச் சோதித்தேன். கை தவறவில்லை. அதே எண் வந்தது. என்னுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எலிக்கும் மனிதருக்கும் எண்கள் வேறு. ஆனால் அதனதன் அளவுகோலோடு வைத்துப் பார்த்தால், எல்லாவற்றையும்விட அதிகமாக மருந்து குடித்த நான்காம் கூண்டைக் காட்டிலும் அண்ணன் கீழே இருந்தார். அதை மையில் எழுதக் கை வரவில்லை. அது என் ஆராய்ச்சியில் சேராத எண். பென்சிலை எடுத்து ‘அ.’ என்று மட்டும் போட்டு எழுதினேன். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, பிறகு மையில் எழுதலாம் என்று நினைத்தேனா என்று எத்தனை முறை யோசித்தாலும் தெரியவில்லை.

பயறு விஷயத்தையும் சொல்லி, அந்த எண்ணைச் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. “எலிக்குத்தான் நாம அனுமதி வாங்கியிருக்கோம், மனுஷனுக்கு இல்ல. இத எழுதினா குழு கேக்கும். ஏன் அவர்கிட்ட ரத்தம் எடுத்தீங்கன்னு கேட்டா பயறு விஷயமும் வெளிய வரும், அவர் வேலைதான் போகும். அவரை ஒரு டாக்டரப் பாக்கச் சொல்லு” என்றார். அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. அந்த வயதில், பெரியவர் ஒருவர் வாயிலிருந்து வந்தால் பயமும் நியாயமும் ஒரே குரலில்தான் கேட்கும். அண்ணனிடம் இரண்டு நாள் கழித்து, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்றேன். “எதுக்கு? நீதான நல்லா இருக்குன்னு சொன்ன?” என்றார். சும்மாதான் அண்ணே என்றேன். மருந்து அடிப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்களேன் என்றதற்கு, “நான் என்ன எலியா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பொய்யைச் சொல்வது ஒரு நொடிதான். அதைத் திரும்ப வாங்குவதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தடையாக வரும். இன்றைக்கு ரத்தம் எடுக்கும் நாள், இன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லை, இன்றைக்கு சார் இருக்கிறார். அப்படியே அந்த வருடம் போய்விட்டது.

புதிதாக வைத்த கண்ட்ரோல் நல்ல மஞ்சளாக வந்தது. அண்ணன் அதன் பக்கம் ஒரு புல்லைக்கூடக் கொண்டுபோகவில்லை. 2008இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். மெரூன் ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. நன்றியுரைப் பக்கத்தில், இறைவன், பெற்றோர், சார் எல்லோருக்கும் பிறகு கடைசி வரியில் அண்ணனுக்கும் நன்றி சொல்லியிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் காட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு கடலூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கப் போய்விட்டேன்.

2009 மார்கழியில் துறையிலிருந்து போன் வந்தது. காலையில் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்த அண்ணன் வரப்பிலேயே விழுந்துவிட்டார், சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கட்டிலில் கைகளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, கண்ணின் பாப்பா ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, உடம்பெல்லாம் தோலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் படித்த ஒவ்வொரு குறியையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. நன்றியுரையின் ஜெராக்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அண்ணி என்று கூப்பிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டியூட்டி டாக்டர் வந்து, எவ்வளவு நாளாக மருந்து அடிக்கிறார், இதற்கு முன் ரத்தம் ஏதாவது சோதித்ததுண்டா என்று கேட்டார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தாங்க சார். காலேஜ்ல பெரிய மெஷின்ல வச்சிப் பாத்தாங்க. அவரு ரத்தம் வெளுப்பா இருக்குது, சுத்தமா இருக்குது, ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார். அவர மருந்து ஒண்ணும் பண்ணாதுன்னுதான் எல்லாரும் அவரையே கூப்புடுவாங்க. ரெண்டு வருசமா முன்ன விட ஜாஸ்தி அடிக்கிறாரு” என்றார். பிறகு என்னைக் காட்டி, “பாத்த பொண்ணே இதோ வந்திருக்குது பாருங்க” என்றார். அந்தக் குரலில் பெருமைதான் இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, என்ன டெஸ்ட் என்று கேட்டார். சோதனைக் குழாயில் ஊற்றுகிற மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தது, முழுமையான பரிசோதனை இல்லை என்றேன். அது பொய்யில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய கட்டில்கள் இன்னும் இருந்தன; தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அண்ணியிடம் கொஞ்சம் பணத்தையும் ஆரஞ்சுப் பழங்களையும் கொடுத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தேன். அழுததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அண்ணன் பிழைத்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை, கால் மரத்துப்போயிற்று. நடுங்குகிற கையால் எலியைப் பிடிக்க முடியாது. தினக்கூலி ஆளை வேண்டாம் என்று சொல்வதற்குக் கடிதம்கூடத் தேவையில்லை. இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்த செய்திகள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு பொங்கல், இன்னொரு பொங்கல் என்று இரண்டு போயின. புயல் வந்து கூரையைத் தூக்கிப் பெட்டியை நனைக்காமல் இருந்திருந்தால் மூன்றாவதும் போயிருக்கும்.

நோட்டு காய்ந்ததும் அந்த ஒன்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே கிளம்பினேன். சிதம்பரம் போய் டவுன் பஸ் மாறி, இறங்கி விசாரித்துப் போனேன். கூரை பறந்து போய் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்து, தலை முழுக்க நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “மேடம் வாங்க மேடம்” என்று பழையபடி இழுத்தார். அண்ணி முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே என்னை உட்காரச் சொன்னார். பின்சுவரில் அந்தக் கண்ணாடிச் சட்டம் ஆணியில் தொங்கியது. அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நோட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். கைநடுக்கத்தில் பக்கங்கள் சரசரவென்று சத்தம் போட்டன. “எல்லாம் அழிஞ்சி போச்சே பாப்பா. எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதுன” என்று அவர் எனக்காக வருத்தப்பட்டார். கீழே பென்சிலில் இருப்பதைக் காட்டி, அது உங்களுடையது அண்ணே என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. “அன்னைக்கு நல்லாருக்குன்னு நான் சொன்னது பொய்யிண்ணே. அது ரொம்பக் கம்மி. நாலாம் கூண்ட விடக் கம்மி. மறுநாளே எனக்குத் தெரியும்” என்று சொல்லி முடித்தேன். அண்ணி புடைப்பதை நிறுத்தினார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். நான் இருந்தவரை வெளியே வரவில்லை.

அண்ணன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சாருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் அந்த வரியை விரலால் தடவியபடி, “மூணாம் கூண்டுல ஒரு புள்ளைக்குக் காலு நடுங்குதுன்னு நான் ஓடியாந்து சொன்னேனே, ஞாபகம் இருக்கா?” என்றார்.

“இருக்குண்ணே.”

“அன்னைக்கே நிறுத்திட்ட. அது பொழைச்சிக்கிச்சி.”

“ஆமாண்ணே.”

“அதுக்குச் சொல்றதுக்கு நான் இருந்தேன்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். அது நடுங்கிக்கொண்டே வந்தது, நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்பு என்றார்.

மற்ற எட்டு நோட்டுகளையும் அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். நனைந்த காகிதம் என்று அவர் முதலில் வாங்கவே மாட்டேன் என்றாராம். இந்த ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஊரிலிருந்து திரும்பிய அன்று அந்தப் பக்கத்தை எடுத்து, ‘அ.’ என்று இருந்த இடத்தில் அவர் பெயரை முழுதாக எழுதினேன். பென்சிலில்தான் எழுதினேன்.